சீன நட்சத்திரங்களின் ரசிகர் வட்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனத் தொடர்களைச் சப்டைட்டிலோடு பார்க்கத் தொடங்கும் யாரும் கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனிப்பார்கள்: நடிகரைவிட அவருடைய ரசிகர்கள்தான் செய்தியில் அதிகம் அடிபடுகிறார்கள். ஒரு நாள் மருத்துவமனைக்கு முகக்கவசம் அனுப்பியதாகச் செய்தி, இன்னொரு நாள் பாலைக் கால்வாயில் கொட்டியதாகச் செய்தி. இரண்டையும் செய்தது ஒரே மாதிரியான ஆட்கள், ஒரே மாதிரியான அமைப்பு. அந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

"ரசிகர் வட்டம்" என்று எதைச் சொல்கிறார்கள்?

சீனத்தில் இதை "ஃபான்ச்சுவான்" என்பார்கள். ஒரு நட்சத்திரத்தைப் பிடிக்கும், படம் வந்தால் பார்ப்பேன் என்று இருப்பவர்கள் இதில் சேர்த்தி இல்லை. அவர்களை "வழிப்போக்கர்கள்" என்று தனியாகப் பிரித்துவிடுவார்கள். வட்டத்துக்குள் இருப்பவர் என்றால் தினமும் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு, மேலே ஒரு பொறுப்பாளர் உண்டு, குழுவின் விதிகள் உண்டு. வெய்போ (ட்விட்டர் மாதிரியான சீனச் சமூக வலைத்தளம்), கியூகியூ (அரட்டைச் செயலி) போன்ற தளங்களில்தான் பெரும்பாலான வேலை நடக்கிறது.

இது எப்போது தொடங்கியது?

2005 என்று சொல்வதுதான் வழக்கம். அந்த ஆண்டு ஹுனான் தொலைக்காட்சியின் "சூப்பர் கேர்ள்" பாட்டுப் போட்டியில் நேயர்கள் எஸ்எம்எஸ் மூலம் வாக்களித்தார்கள். வெற்றி பெற்ற லி யூசுன் இறுதிச் சுற்றில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வாங்கினார். தங்களைச் "சோளம்" என்று அழைத்துக்கொண்ட அவருடைய ரசிகர்கள் தெருவில் நின்று, போகிறவர் வருகிறவரிடம் போனை வாங்கி ஓட்டுப் போட வைத்தார்கள். இவ்வளவு பேர் தாமாகவே திரண்டு, வேலையைப் பிரித்துக்கொண்டு, ஒரு முடிவை மாற்றிக் காட்டியது அதிகாரிகளின் கண்ணில் படாமல் போகவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் இப்படிப்பட்ட வாக்களிப்புக்குக் கட்டுப்பாடு வந்தது.

இன்றைய வடிவம் அதற்குப் பிறகு கொரியாவிலிருந்து வந்தது. எக்ஸோ என்ற கொரியப் பாடகர் குழுவில் இருந்த லூ ஹான், கிரிஸ் வூ போன்ற சீன உறுப்பினர்கள் 2014 வாக்கில் ஊர் திரும்பியபோது, அவர்களோடு கொரிய ரசிகர் மன்றங்களின் நடைமுறைகளும் வந்துவிட்டன. அதற்குச் சற்று முன்பே, 2013-இல், டிஎஃப்பாய்ஸ் என்ற மூன்று சிறுவர்களின் குழு அறிமுகமாகியிருந்தது. அவர்கள் வளர்வதைப் பார்த்துக்கொண்டே, "நாம்தான் வளர்த்தோம்" என்ற உணர்வோடு செலவு செய்யும் ரசிகர்கள் உருவானார்கள். 2018-இல் ஐச்சியி என்ற காணொளித் தளத்தின் "ஐடல் புரொட்யூசர்", டென்சென்ட் இணைய நிறுவனத்தின் "புரொட்யூஸ் 101" ஆகிய நிகழ்ச்சிகள் அந்த உணர்வை நேரடி வியாபாரமாக்கின. யார் குழுவில் இடம்பெறுவது என்பதை ரசிகர்களின் வாக்கு முடிவு செய்தது. வாக்கைக் கூட்ட விளம்பரதாரரின் பொருளை வாங்க வேண்டியிருந்தது.

உள்ளே வேலையை எப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள்?

எல்லாவற்றுக்கும் மேலே "ஆதரவு மன்றம்". அதற்குக் கீழே பிரிவுகள். "எண் குழு" பட்டியல்களில் நட்சத்திரத்தை மேலே ஏற்றும், பதிவுகளை மறுபகிர்வு செய்யும். கருத்துப் பகுதியைக் காப்பதற்குத் தனிக் குழு: நட்சத்திரத்தைப் பற்றி எங்கே பதிவு வந்தாலும் முதல் ஆளாகப் போய், முன்பே எழுதிவைத்த நல்ல வரிகளை ஒட்டி, லைக் போட்டு மேலே தள்ளுவார்கள். திட்டும் வரிகள் அடியில் போய்விடும். அவதூறுகளைத் தேடிப் பிடித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தளத்துக்குப் புகார் அனுப்புவது இன்னொரு குழுவின் வேலை. போஸ்டர் வடிவமைக்க ஒரு குழு, வாசகம் எழுத ஒரு குழு, கணக்கு வழக்குக்கு ஒரு குழு.

இவர்களுக்கு வெளியே "நிலைய அக்காக்கள்" என்று ஒரு வகை உண்டு. பெரிய லென்ஸ் கேமராவோடு விமான நிலையத்திலும் படப்பிடிப்பு வாசலிலும் காத்திருந்து, நட்சத்திரத்தைப் படமெடுத்து, திருத்தி வெளியிடுபவர்கள். போட்டோ புத்தகம் விற்று விமானக் கட்டணத்தைத் தேற்றிக்கொள்வார்கள். நல்ல படம் எடுப்பவருக்கு வட்டத்துக்குள் பெரும் செல்வாக்கு. அவர் ஒரு நாள் "நான் விலகுகிறேன்" என்று அறிவித்தால், அதுவே நட்சத்திரத்தின் மதிப்பு சரிவதற்கு அறிகுறியாகப் பேசப்படும்.

குழுவில் சேர்வதற்கே தேர்வு உண்டு. தளத்தில் அந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் எத்தனை நாள் தொடர்ந்து வருகைப் பதிவு செய்திருக்கிறாய், என்ன நிலை எட்டியிருக்கிறாய், எதை வாங்கியிருக்கிறாய் என்று ஸ்கிரீன்ஷாட் கேட்பார்கள். எதிரணி உளவாளிகள் நுழையாமல் தடுப்பதற்கு என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

சம்பளம் உண்டா?

இல்லை. தங்களையே "எண் தொழிலாளிப் பெண்கள்" என்று கிண்டலாக அழைத்துக்கொள்பவர்களும் அவர்கள்தான்.

எண்களுக்கு ஏன் இவ்வளவு வெறி?

ஏனென்றால் எண்களுக்கு விலை இருக்கிறது. ஒரு நடிகருக்கு எந்த விளம்பரம், எந்தத் தொடர், எவ்வளவு சம்பளம் என்பதை வெய்போவில் 2021 வரை இருந்த நட்சத்திரப் பட்டியலையும் மறுபகிர்வு எண்ணிக்கையையும் பார்த்து முடிவு செய்யும் பழக்கம் தொழிலில் வந்துவிட்டது. ரசிகருக்கும் அது தெரியும். "நாம் வேலை செய்யாவிட்டால் அவனுக்கு வாய்ப்பு போய்விடும்" என்ற பயம்தான் தினமும் அவர்களை எழுப்பி உட்கார வைக்கிறது. தளத்துக்கு நடமாட்டம், விளம்பரதாரருக்கு விற்பனை, நிறுவனத்துக்கு இலவச உழைப்பு. நட்டம் யாருக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2018-இல் சாய் சூகுன் என்ற பாடகரின் ஒரு வெய்போ பதிவு சில நாட்களிலேயே 10 கோடி மறுபகிர்வைத் தொட்டது. நம்பக்கூடிய எண்ணா அது? காவல்துறையும் நம்பவில்லை. ஒரே ஆள் ஏராளமான போலிக் கணக்குகளை இயக்க உதவிய ஒரு செயலி சிக்கியது. அதை உருவாக்கியவர் சிறைக்குப் போனார். வெய்போவும் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய மறுபகிர்வு எண்ணிக்கையைத் துல்லியமாகக் காட்டுவதை நிறுத்தியது.

அதே ஆண்டு நவம்பரில் கிரிஸ் வூவின் ஆல்பம் அமெரிக்க ஐட்யூன்ஸ் பட்டியலில் மளமளவென்று முதலிடங்களைப் பிடித்தது. அமெரிக்கர்கள் பலருக்கு அவர் யாரென்றே தெரியாது. எந்திரக் கணக்குகள் வாங்கியதாகச் சந்தேகம் எழ, சீனாவில் வெளியீடு தள்ளிப்போனதால் நாங்கள்தான் அங்கே போய் வாங்கினோம் என்றார்கள் ரசிகர்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் 2019 ஜூலையில் நடந்தது. "ஜே சௌவின் எண்கள் இவ்வளவு மோசமாக இருக்கின்றன, அவர் கச்சேரிக்கு மட்டும் டிக்கெட் கிடைப்பதில்லையாமே, உண்மையா?" என்று ஒரு இளசு இணையத்தில் கேட்டுவைத்தது. ஜே சௌ தைவானின் பெரிய பாடகர். அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள் அப்போது வேலை, குடும்பம் என்று செட்டிலாகிவிட்டவர்கள். அவருக்கு வெய்போவில் கணக்குகூட இல்லை. ரோஷம் வந்து களத்தில் இறங்கிய அந்த நடுவயசுக் கூட்டத்துக்குப் பட்டியலில் புள்ளி சேர்ப்பது எப்படி என்றே தெரியவில்லை. சின்னப் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். ஜூலை 21 இரவு, சாய் சூகுனை முந்தி, 10 கோடிப் புள்ளியைத் தாண்டி முதலிடம். ஜெயித்ததும் பெரும்பாலோர் கலைந்து போய்விட்டார்கள். எண்கள் எதையும் நிரூபிப்பதில்லை என்று காட்டவே வந்த மாதிரி இருந்தது.

பணம் எப்படித் திரட்டுகிறார்கள்? எதற்குச் செலவாகிறது?

2021 வரை பெரும்பாலும் நிதி திரட்டும் செயலிகள் வழியாக. பிறந்தநாளுக்கு மெட்ரோ நிலைய விளம்பரம், உயரமான கட்டடங்களில் ஒளி விளம்பரம், ஒரே ஆள் பல பிரதி டிஜிட்டல் ஆல்பம் வாங்குவது, போட்டி நிகழ்ச்சியில் வாக்கு. 2021-இல் கொரியக் குழுவான பிடிஎஸ்ஸின் ஜிமினுக்காகச் சீன ரசிகர்கள் திரட்டியபோது முதல் மூன்று நிமிடத்தில் 10 லட்சம் யுவான் சேர்ந்தது. அவர் படத்தை ஒரு விமானத்தின் உடம்பு முழுக்க ஒட்டினார்கள். அதற்காக அந்த ரசிகர் கணக்கு வெய்போவில் 60 நாள் முடக்கப்பட்டது. திரட்டியவர் கணக்குக் காட்டாமல் மறைந்துபோன கதைகளும் இந்த உலகில் சகஜம்.

பாலைக் கொட்டிய விவகாரம் என்ன?

2021 வசந்த காலத்தில் ஐச்சியி "யூத் வித் யூ" நிகழ்ச்சியின் மூன்றாம் பருவத்தை நடத்தியது. விளம்பரதாரர் மெங்நியு பால் நிறுவனம். அதன் பழப்பால் பாட்டிலின் மூடிக்குள் ஒரு கியூஆர் குறியீடு. அதை ஸ்கேன் செய்தால் கூடுதல் வாக்கு. மூடிதான் வேண்டும், பால் வேண்டாம். பெட்டி பெட்டியாக வாங்கி, ஆட்களை வைத்து மூடியைத் திறந்து, பாலைக் கால்வாயில் ஊற்றும் வீடியோ வெளியானது. உணவு வீணடிப்பைத் தடுக்கும் சட்டம் நிறைவேறி ஒரு வாரம்கூட ஆகாத நேரம் அது. மே 4 அன்று பெய்ஜிங் அதிகாரிகள் ஒளிபரப்பை நிறுத்தச் சொன்னார்கள். மே 8-க்கு வைத்திருந்த இறுதிச் சுற்று நடக்கவே இல்லை.

ரசிகர்களைத் திட்டித் தீர்த்தார்கள். மூடிக்குள் வாக்கை ஒளித்து வைத்தவர்கள் ஒரு மன்னிப்பு அறிக்கையோடு தப்பித்துக்கொண்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஒரே நட்சத்திரத்தின் ரசிகர்கள் எல்லாரும் ஒற்றுமையா?

எங்கே! குழுவாகப் பாடுகிறவர்கள் என்றால், முழுக் குழுவையும் நேசிப்பவர்கள் ஒரு பக்கம், ஒருவரை மட்டும் நேசித்து மற்றவர்களை வெறுக்கும் "ஒற்றை ரசிகர்கள்" இன்னொரு பக்கம். இரண்டு நடிகர்களை ஜோடியாகக் கற்பனை செய்து ரசிப்பவர்கள் தனி ஜாதி; ஒற்றை ரசிகர்களுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. நட்சத்திரத்தைப் பிள்ளையாக நினைக்கும் "அம்மா ரசிகர்கள்", காதலனாக நினைப்பவர்கள், அவருடைய தொழில் வளர்ச்சியை மட்டும் கணக்குப் போடும் "தொழில் ரசிகர்கள்" என்று வகைகள் போய்க்கொண்டே இருக்கும். கடைசி வகையினர் நிறுவனத்தையே கேள்வி கேட்பார்கள்: ஏன் நல்ல கதை வாங்கித் தரவில்லை, போஸ்டரில் பெயர் ஏன் பின்னால் வந்தது என்று கையெழுத்து இயக்கம் நடத்துவார்கள். வீட்டு வாசல்வரை பின்தொடர்ந்து போகும் ரசிகர்களை மட்டும் எல்லா வகையினரும் சேர்ந்து வெறுப்பார்கள்.

புகார் கொடுப்பது ஏன் இவ்வளவு பெரிய ஆயுதம்?

தணிக்கை உள்ள இணையத்தில் எதிராளியை வாதத்தால் வெல்ல வேண்டியதில்லை, புகார் பொத்தானை அழுத்தினால் போதும். அது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2020 பிப்ரவரி 27-இல் தொடங்கிய சண்டை காட்டியது. சீனர்கள் அதைத் தேதியை வைத்தே "227" என்கிறார்கள்.

2019-இல் "தி அன்டேம்ட்" தொடரால் உச்சத்துக்குப் போனவர் சியாவ் சான். அவரையும் உடன் நடித்த வாங் யீபோவையும் ஜோடியாக வைத்து ஒரு ரசிகை எழுதிய கற்பனைக் கதையில் சியாவ் சான் பெண் அடையாளம் கொண்ட பாலியல் தொழிலாளியாக வந்தார். அவருடைய ஒற்றை ரசிகர்களில் ஒரு பகுதியினர் கொதித்துப்போய், அந்தக் கதை இருந்த, ரசிகர்கள் எழுதும் கற்பனைக் கதைகளுக்கான ஏஓ3 என்ற தளத்தையே அதிகாரிகளிடம் கூட்டமாகப் புகார் செய்தார்கள். பிப்ரவரி 29 அன்று சீனப் பெருநிலத்தில் அந்தத் தளம் முடங்கியது. சியாவ் சானையும் வாங் யீபோவையும் பற்றி எதுவுமே தெரியாத, தங்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டும் படித்துக்கொண்டும் இருந்த ஏராளமானவர்களின் இடம் ஒரே நாளில் போய்விட்டது.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. சியாவ் சான் விளம்பரம் செய்த பொருட்களைப் புறக்கணித்தார்கள், நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவையை நச்சரித்தார்கள், அவர் நடித்தவற்றுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அதாவது ரசிகர் வட்டத்தின் ஆயுதங்களையே எடுத்து ரசிகர் வட்டத்தைத் தாக்கினார்கள். அவருடைய அலுவலகம் மன்னிப்புக் கேட்டும் மாதக்கணக்கில் ஓயவில்லை. கதையை எழுதியதும் அவரல்ல, புகார் கொடுத்ததும் அவரல்ல. ஆனால் ரசிகர் செய்ததற்கு நட்சத்திரம் பொறுப்பு என்பது சீனப் பொதுமக்களின் எழுதாத விதி.

நல்லது எதுவுமே செய்வதில்லையா?

நிறையச் செய்கிறார்கள். லி யூசுனின் ரசிகர்கள் 2006-லேயே செஞ்சிலுவை அமைப்பின் கீழ் ஓர் அறநிதியைத் தொடங்கினார்கள். நட்சத்திரத்தின் பெயரில் கிராமப் பள்ளிக்குப் புத்தகம், மரம் நடுதல் எல்லாம் பிறந்தநாள் வழக்கமாகிவிட்டது. நட்சத்திரத்தின் நல்ல பெயருக்காகத்தான் செய்கிறார்கள் என்பது உண்மை. நூலகத்துக்கு வந்த புத்தகத்துக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

2020 ஜனவரி 23-இல் வூஹான் நகரம் அடைக்கப்பட்டபோது இவர்களின் திறமை வெளியே தெரிந்தது. எந்த மருத்துவமனையில் என்ன குறைகிறது என்று விசாரித்து, தரம் பார்த்து முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் வாங்கி, லாரி பிடித்து அனுப்பி, ரசீதையும் படத்தையும் ஒவ்வொன்றாக வெளியிட்டார்கள். அதே வாரங்களில் நன்கொடைப் பொருட்களைச் சரியாகப் பிரித்துக் கொடுக்கவில்லை என்று வூஹான் செஞ்சிலுவைச் சங்கம் மக்களிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தது. கச்சேரிக்கு ஒளிக்குச்சியும் பதாகையும் கொண்டு சேர்த்துப் பழகியவர்களுக்குச் சரக்குப் போக்குவரத்து புதிதில்லை. அரசின் கண்காணிப்புக்கு வெளியே மக்கள் தாமாக அமைப்பாவது கடினமான நாட்டில், பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி கூட்டம் நடத்தவும் கணக்கு வைக்கவும் ஆட்களை வேலை வாங்கவும் கற்றுக்கொள்ளும் அரிய இடங்களில் இது ஒன்று. எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததே இதனால்தான்.

அரசு இவர்களை எப்படிப் பார்க்கிறது?

பயன்படுத்திக்கொள்கிறது, பயப்படவும் செய்கிறது. 2019 ஆகஸ்டில் ஹாங்காங் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, ரசிகைகள் சீனாவையே "அஜோங் அண்ணன்" என்ற நட்சத்திரமாக உருவகித்து, சீன இணையத் தடையைத் தாண்டி வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய் ஆதரவுப் பதிவுகளைக் குவித்தார்கள். கருத்துப் பகுதியை நிரப்பும் அதே பழைய வேலைதான், நட்சத்திரம் மட்டும் வேறு. அரசு ஊடகங்கள் மெச்சிக்கொண்டன.

இது நன்றாக வேலை செய்கிறதே என்று நினைத்து, 2020 பிப்ரவரி 17 அன்று கம்யூனிஸ்ட் இளைஞர் கழகம் ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டு கார்ட்டூன் நட்சத்திரங்களை அறிமுகப்படுத்தி "ஆதரவு தாருங்கள்" என்றது. அடி விழுந்தது. தொற்றுநோய் வார்டுகளில் பெண் செவிலியர்கள் சானிட்டரி நாப்கின்கூடக் கிடைக்காமல் தவித்த நேரம். "உனக்கு மாதவிடாய் வருமா?" என்று அந்தப் பெண் பாத்திரத்தைக் கேட்டு ஒருவர் எழுதியது காட்டுத்தீயாகப் பரவியது. தேசத்தை நேசிக்கச் சொல்லுங்கள், அதற்கு நாங்கள் ரசிகராக வேண்டியதில்லை என்பது பலரின் கோபம். சில மணி நேரத்தில் பொம்மைகள் காணாமல் போயின.

2021-இல் என்ன தடை வந்தது?

அந்த ஆண்டு ஜூலை 31 அன்று கிரிஸ் வூ பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டில் பெய்ஜிங்கில் தடுத்து வைக்கப்பட்டார். (2022 நவம்பரில் 13 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.) சில ரசிகர்கள் அவரைச் சிறையிலிருந்து மீட்கப் போவதாகவே எழுதினார்கள். விளையாட்டாக எழுதியதோ என்னவோ, அரசு அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்கனவே ஜூனில் தொடங்கியிருந்த இணையத் துப்புரவு இயக்கம் வேகம் பிடித்தது.

ஆகஸ்ட் 27-இல் இணைய நிர்வாக ஆணையம் பத்து விதிகளை வெளியிட்டது. நட்சத்திரங்களைத் தனித்தனியாக வரிசைப்படுத்தும் பட்டியல்கள் கூடாது. யார் எவ்வளவு வாங்கினார் என்று காட்டக் கூடாது. ரசிகர் குழுக்கள் நட்சத்திரத்தின் நிறுவனத்திடம் அங்கீகாரம் பெற வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இதற்குப் பணம் செலவிடவோ குழுவை நடத்தவோ கூடாது. வெய்போ அதற்கு முன்பே தன் நட்சத்திரப் பட்டியலை எடுத்துவிட்டது. செப்டம்பர் 2 அன்று ஒளிபரப்புத் துறை இன்னொரு உத்தரவு போட்டு ஐடல் போட்டி நிகழ்ச்சிகளைத் தடை செய்தது. "பெண்தன்மை கொண்ட" ஆண்களைத் திரையில் காட்டக் கூடாது என்றும் அதே உத்தரவில் சேர்த்துக்கொண்டது. சிறார்களின் பணத்தைக் காப்பதற்கும் ஓர் ஆணின் ஒப்பனைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

அதோடு அடங்கிவிட்டார்களா?

எண் வேட்டை குறைந்தது, பழக்கம் போகவில்லை. அது விளையாட்டுக்கு இடம் மாறியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் டேபிள் டென்னிஸ் ஒற்றையர் இறுதியில் மோதிய சென் மெங், சுன் யிங்ஷா இருவரும் சீனர்கள். அரங்கமே சுன் பக்கம் கத்தியது. சென் தங்கம் வென்றதும் அவர் மேலும் பயிற்சியாளர்கள் மேலும் வசை குவிந்தது. வெய்போ 12,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை நீக்கியது. பெய்ஜிங்கில் 29 வயதுப் பெண் ஒருவரைக் காவல்துறை பிடித்தது. நீளம் தாண்டுபவர், நீந்துபவர், பந்தடிப்பவர் யாராக இருந்தாலும் ஒற்றை ரசிகர், ஜோடி ரசிகர் என்ற பழைய பிரிவுகள் அப்படியே வந்துவிட்டன.

நட்சத்திரங்களே "வேண்டாம்" என்று சொல்ல முடியாதா?

நடிகர்களுக்குக் கஷ்டம். அந்த எண்களில்தான் அவர்கள் பிழைப்பு நடக்கிறது. ஒரு வார்த்தை கடிந்து பேசினாலும் "இவ்வளவு செய்தோமே" என்று ரசிகர்களே எதிரிகளாகிப் பழைய படங்களையும் செய்திகளையும் கிளறுவார்கள். வாழ்வாதாரம் நீச்சல் குளத்தில் இருப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. பாரிஸில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 46.40 விநாடியில் நீந்தி உலக சாதனையோடு தங்கம் வென்ற பான் சான்லே, ஊர் திரும்பிய சில நாட்களில் வெய்போவில் தன் பெயரில் இருந்த அதிகாரப்பூர்வ ரசிகர் குழுவைக் கலைத்துவிட்டார்.